பெயர் மட்டும் எழுதி வந்தால் போதாது

2023 மே 1 அன்று கொலம்பியாவின் அமேசான் காட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது ஞாபகம் இருக்கும். தாய் உட்பட மூன்று பெரியவர்களும் இறந்துபோக, நான்கு குழந்தைகள் 40 நாள் காட்டுக்குள் தாக்குப்பிடித்து உயிரோடு கிடைத்தார்கள். மூத்த பெண்ணுக்கு 13 வயது, கடைசிக் குழந்தைக்குக் காட்டில் இருக்கும்போதுதான் ஒரு வயது நிறைந்தது. எல்லோரும் அதிசயம் என்றார்கள். ஆனால் விமானத்தில் இருந்த மரவள்ளி மாவு தீர்ந்தபிறகு எந்தக் காயைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் விட்டோட்டோ என்ற அமேசான் பழங்குடியின் குழந்தைகள்.

சிறு மொழிகளை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்குவது என் வேலை. களத்துக்குக் கிளம்பும் மாணவர்களிடம் இந்த மக்களைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். விட்டோட்டோ என்பதே அண்டையிலிருந்த கரிஹோனா மக்கள் எதிரி என்ற பொருளில் சொன்ன பெயர், பலர் தங்களை முருய்-முய்னா என்றே சொல்கிறார்கள். புகையிலை, கோக்கா, இனிப்பு மரவள்ளி ஆகியவற்றின் பிள்ளைகள் என்றும் சொல்லிக்கொள்வார்கள். கோக்கா என்றதும் போதைப்பொருளை நினைக்க வேண்டாம், இது இலையை வறுத்து இடித்து, யாருமோ என்ற மரத்தின் இலைச் சாம்பல் கலந்து கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பச்சைப் பொடி. இரவில் ஆண்கள் பொது வீட்டில் அதை வாயில் அடக்கி, புகையிலைக் குழம்பை நக்கியபடி பேசுகிறார்கள். நாளைக்கு எங்கே காடு திருத்துவது, என்ன நடுவது, யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் அங்கேதான். அந்தப் பேச்சு பகலில் கிழங்காகவும் மீனாகவும் வந்து சேரவேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் பேச்சு.

கசப்பு மரவள்ளியில் நஞ்சு உண்டு. அதைத் தோல் சீவித் துருவி, பின்னிய நீளப் பையில் அடைத்து முறுக்கிப் பிழிந்து, ஓட்டில் வாட்டி ரொட்டியாக்குவார்கள். மாவுச்சத்தைக் கொதிநீரில் கரைத்தால் குழகுழவென்று ஒரு கஞ்சி, நம் ஜவ்வரிசிக் கஞ்சி பதத்துக்கு வரும் (சேலத்து ஜவ்வரிசியும் இதே மரவள்ளிதானே).

இந்த இரவுப் பேச்சை வெட்டியது ரப்பர். லண்டனில் பதிவான பெருவியன் அமேசான் கம்பெனி, புட்டுமாயோ ஆற்றுப் பகுதியில் இவர்களை அடித்தும் பட்டினி போட்டும் ரப்பர் பால் எடுக்க வைத்தது. 1910-இல் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட் நேரில் போய் விசாரித்து எழுதிய அறிக்கை 1912-இல் வெளிவந்தது. பல்லாயிரம் பேர் செத்தார்கள், தப்பியவர்கள் சிதறினார்கள், அப்புறம் மிஷன் பள்ளிகளில் பிள்ளைகளை ஸ்பானிஷ் பேச வைத்தார்கள். 1988-இல் சுமார் 58 லட்சம் ஹெக்டேர் காடு பழங்குடிகளுக்கே உரியது என்று கொலம்பியா எழுதிக் கொடுத்தது, தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. நிலம் கிடைத்தும் நிம்மதி இல்லை. கக்கெட்டா ஆற்றில் தங்கம் தோண்டுகிறவர்கள் கொட்டும் பாதரசம் மீனுக்குள் போய், மீன் தின்னும் மக்களின் உடம்புக்கும் போகிறது. மீனைப் பிடிக்கப் பயந்தால் அந்த மீனைப் பற்றிய பேச்சும் குறையும். மொழி ஆய்வுக்குப் போகிறவர் ஆற்றைப் பற்றிக் கேட்காமல் வந்தால் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் நம் மலைக் குடியிருப்பு ஒன்றில் ஒரு பாட்டியிடம் இதற்கு என்ன பெயர், அதற்கு என்ன பெயர் என்று நாள்கணக்கில் கேட்டு நோட்டை நிரப்பினேன். அவர் இறந்து சில வருடம் கழித்து பேரன் போன் செய்தான். "சார், அந்தக் கசப்புக் கிழங்கை ஓடைத் தண்ணியில எத்தனை ராத்திரி ஊறப்போடணும்னு பாட்டி சொல்லுச்சா?" நோட்டைப் புரட்டினேன். கிழங்கின் பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

பக்கத்துக் குடியிருப்பில் இன்னொரு பாட்டிக்குத் தெரிந்திருந்தது. இந்த முறை கேள்வி கேட்கவில்லை. மைக்கை ஓடைக்கரைக்கே எடுத்துப்போய், அவர் கிழங்கை வெட்டிக் கூடையில் போட்டுக் கல் வைத்து அமுக்கும் வரை ஓடவிட்டேன். பிரதி ஒன்று பேரனிடம் இருக்கிறது.