நெஞ்சில் ஒட்டும் அந்த வெள்ளிப் பொட்டு

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார்: "வீட்டுக்காரருக்கு அடிக்கடி படபடப்பு. ஈசிஜி நார்மல்னு சொல்லிட்டு 24 மணி நேரம் ஹோல்டர் மாட்டச் சொல்லியிருக்காங்க. அதோட ரப்பர் பால் வெட்டப் போகலாமா?"

ஹோல்டர் என்பது, நெஞ்சில் ஒட்டும் ஸ்டிக்கர்கள், ஒயர்கள் வழியாக இதயத் துடிப்பை நாள் முழுக்கப் பதிவு செய்யும் சின்னப் பெட்டி. டாக்டர் தடுக்கவில்லை என்றால் அதோடு போகலாம், போகத்தான் வேண்டும். ஈசிஜி பத்து விநாடி சமாச்சாரம், இதயமோ நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் தடவை துடிக்கிறது. விடியுமுன் மேடேறி மரம் மரமாக நடக்கையில் வரும் படபடப்பு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிக்காது. அமெரிக்காவின் நார்மன் ஹோல்டர் 1940களின் கடைசியில் செய்த முதல் கருவியை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது, எடை சுமார் 38 கிலோ. இப்போது சட்டைப் பையில் அடங்கிவிடுகிறது.

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன், அந்த ஸ்டிக்கர். உடம்புக்குள் மின்சாரம் சோடியம், குளோரைடு போன்ற அயனிகளாக ஓடுகிறது, ஒயருக்குள் எலக்ட்ரான்களாக. கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் தமிழும் மலையாளமும் பேசும் கடைக்காரர் மாதிரி நடுவில் ஓர் ஆள் வேண்டும். அதுதான் ஸ்டிக்கரின் நடுவே இருக்கும் பொட்டு, வெள்ளியும் அதன்மேல் சில்வர் குளோரைடு பூச்சும். பொட்டுக்கும் தோலுக்கும் நடுவே இருக்கும் ஜெல்லிலிருந்து ஒரு குளோரைடு வந்து வெள்ளியோடு சேர்ந்தால் ஒரு எலக்ட்ரான் ஒயருக்குப் போகும். ஒயரிலிருந்து எலக்ட்ரான் வந்தால் ஒரு குளோரைடு பிரிந்து ஜெல்லுக்குத் திரும்பும். இப்படி இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் அந்தச் சின்னப் பொட்டில் மொழி மாறுகிறது!

ஆனால் தோலுக்கு வந்து சேரும் சிக்னல் 1 மில்லிவோல்ட் அளவுதான். மேல்தோல் இழுபட்டாலே அதைவிடப் பெரிய மாற்றம் வந்துவிடும். அதனால்தான் நர்ஸ் முடியை வழித்து, சொரசொரப்பான பட்டையால் தோல் சிவக்கும்வரை தேய்க்கிறார், எரிகிறதென்று தடுக்காதீர்கள். மாட்டுவதற்கு முன்பே குளித்துவிடுங்கள், தேங்காய் எண்ணெயும் பவுடரும் வேண்டாம். தாயத்தையும் கழற்றிவிடுங்கள், ஆடி ஆடி ஒயரை இடிக்கும். (மந்திரித்துக் கட்டிவிட்டு மாதக்கணக்கில் டாக்டரிடம் போகாமல் இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.)

கத்தியை இழுக்கும்போது வரைபடம் கொஞ்சம் கிறுக்கும், பரவாயில்லை. "5.40, மேடு ஏறினேன், படபடப்பு" என்று நேரத்தோடு அப்போதைக்கப்போதே எழுதி வையுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் படபடப்பு எந்தத் துடிப்போடு சேர்ந்தது என்று டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஸ்டிக்கர் கழன்றால் அழுத்தி ஒட்டி, அந்த நேரத்தையும் எழுதுங்கள்.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அரசுப் பணத்தில் உருவான இதய வால்வை 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அதே அக்கறையோடு பணம் ஒதுக்கி, தாலுகா ஆஸ்பத்திரி தோறும் ஹோல்டர் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம் அக்கா, இந்தப் பெட்டி பதிவு மட்டும்தான் செய்யும், அந்த நேரத்தில் யாரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நெஞ்சு வலித்தாலோ மயங்கி விழுந்தாலோ 24 மணி நேரம் முடியட்டும் என்று காத்திருக்காமல், பெட்டியோடு அப்படியே 108இல் ஏற்றிவிடுங்கள்.