தோட்டா உள்ளே போய்விட்டால் போதுமா?

தொண்டியிலோ கீழக்கரையிலோ தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒருவருக்கு வாரிசாக வருகிறது, லைசென்ஸும் பெயர் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தோட்டா வாங்குவது என்று கேட்டால், "12 போர்தானே, போட்டுப் பாருங்க, உள்ளே போனா சரி" என்று சொல்ல ஊரில் நாலு பேர் இருப்பார்கள். ஆனால் உள்ளே போவது ஒரு சோதனையே இல்லை.

முதலில் அந்த எண். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஒன்று சரியாக நுழையும் குழல்தான் 12 போர், சுமார் 18.5 மி.மீ. 20 போர் என்றால் 20 உருண்டை, ஆகவே குழல் சின்னது. 20 போர் தோட்டாவைத் தவறிப்போய் 12 போர் குழலில் போட்டால் அது வழுக்கிக்கொண்டு முன்னே போய்ச் சிக்கிவிடும், பின்னாலிருந்து பார்த்தால் காலி மாதிரியே இருக்கும், அதன் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துவிடும்.

இதைவிட நயவஞ்சகமானது நீளம். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குலம், அதாவது சுமார் 64 மி.மீ.தான். இப்போது பரவலாகக் கிடைப்பது 70 மி.மீ. தோட்டா. அது எப்படி உள்ளே போகிறது? 70 என்பது சுட்டபிறகு வாய் விரிந்த நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடங்கியிருப்பதால் சமர்த்தாகப் போய் உட்காரும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். சுட்டதும் மடிப்பு விரிந்து, அறை முடிந்து குழல் குறுகுகிற இடத்தில் போய், தோட்டாவுக்குள் இருக்கும் குண்டுமணிகளான ரவையின் வழியை நெருக்கும். உள்ளே இருப்பது புகையில்லா வெடிமருந்து. அழுத்தம் ஏற ஏற அது இன்னும் வேகமாக எரியும், அதனால் அழுத்தம் இன்னும் ஏறும். பழைய கரிமருந்து இந்த அளவுக்குச் சீறாது. கரிமருந்தை மட்டும் நம்பிச் செய்த குழல்கள் இன்னும் இருக்கின்றன என்பதுதான் கவலை.

சரி, எதைப் பார்ப்பது? காலித் துப்பாக்கிதான் என்று உறுதிசெய்துகொண்டு குழலைக் கழற்றித் திருப்பினால், அடியில் தட்டையான பகுதியில் பொடிப்பொடியாக முத்திரைகள் தெரியும். லண்டனிலும் பர்மிங்காமிலும் கூடுதல் மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்தபின் குத்தியவை. சாய்சதுரத்துக்குள் 12, கீழே சி என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது அறையின் போர். நைட்ரோ ப்ரூஃப் என்ற சொற்கள் இருந்தால் புகையில்லா மருந்தில் சோதித்திருக்கிறார்கள். எதுவுமே இல்லையென்றால் கரிமருந்துக் குழல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குழல் மேல் மரத்தின் ரேகை போல வரிவரியாக ஓடினால் அது இரும்பும் எஃகும் முறுக்கிப் பற்றவைத்த டமாஸ்கஸ்; கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

முத்திரை அன்றைய குழலுக்குத்தான். அதற்கப்புறம் எத்தனை வருஷம் உப்புக்காற்று குடித்ததோ! நம் கடற்கரையில் துரு வெளியே தெரிவதற்குள் உள்ளே குழி பறித்திருக்கும். அதனால் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து குழலின் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். அறைக்குள் 100 டிகிரிக்குக் கீழேயே உருகும் கலப்பு உலோகத்தை ஊற்றி அச்சு எடுத்தால் நீளம் துல்லியமாகத் தெரிந்துவிடும். குழி ஆழமாக இருந்தால் அந்தக் குழலுக்குச் சரியான தோட்டா என்று எதுவுமே கிடையாது.