அப்பா இல்லாமல் பொரிந்த டிராகன்கள்

இங்கிலாந்தின் செஸ்டர் உயிரியல் பூங்காவில் ஃப்ளோரா என்றொரு பெண் கொமோடோ டிராகன் இருந்தது. பெயரில்தான் டிராகன், நம் ஊர் உடும்புக்கு நெருங்கிய சொந்தம். ஆள் மட்டும் பெரிசு. நன்றாக வளர்ந்தால் 3 மீட்டர் நீளம், 70 கிலோ எடை. இயற்கையில் வாழ்வது இந்தோனேசியாவின் சில தீவுகளில் மட்டும்தான்.

2006இல் ஃப்ளோரா 25 முட்டைகள் இட்டது. ஆண் துணை இல்லாமல் முட்டையிடுவது அதிசயமில்லை, கடையில் நாம் வாங்கும் கோழிமுட்டையும் அப்படி வந்ததுதான். ஆனால் 11 முட்டைகள் உயிருள்ளவை மாதிரி தெரிந்ததால் இன்குபேட்டரில் வைத்தார்கள். அவற்றில் மூன்று அமுங்கிப் போயின. பிரித்துப் பார்த்தால் உள்ளே ரத்த நாளங்களோடு கரு! ஃப்ளோராவோ ஓர் ஆணோடு ஒருநாள்கூட இருந்ததில்லை.

லண்டன் பூங்காவின் சுங்கை என்ற டிராகனும் அதே காலத்தில் இப்படிக் குட்டி பொரித்திருந்தது. அது ஆணைப் பிரிந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஊர்வனவற்றில் பெண்கள் விந்தணுவை உடம்பில் நெடுநாள் சேமித்து வைப்பதுண்டு. அதனால் முதலில் சந்தேகம் அங்கேதான் போனது. டிஎன்ஏ சோதனை அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது. குட்டிகளிடம் அம்மாவிடம் இல்லாத மரபணு ஒன்றுகூட இல்லை.

எப்படி நடக்கிறது இது? கருமுட்டை உருவாகும்போது தாயின் குரோமோசோம்கள் பாதியாகப் பிரிகின்றன. மீதிப் பாதியை விந்தணு கொண்டுவர வேண்டும். பிரியும்போது பங்கு சமமாகப் போவதில்லை: சத்தெல்லாம் கருமுட்டைக்கு, பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் துருவ உடல் என்ற குட்டிச் செல்லுக்கு ஒரு தொகுதி குரோமோசோம் மட்டும். வழக்கமாக அது அப்படியே அழிந்துவிடும். ஆண் இல்லாத இந்தக் கன்னிப் பிறப்பில் அதுவே திரும்பி வந்து கருமுட்டையோடு சேர்கிறது. விந்தணு செய்ய வேண்டிய வேலையை, வீணாய்ப் போகவேண்டிய துண்டு செய்துவிடுகிறது.

2007 ஜனவரியில் ஃப்ளோராவின் குட்டிகள் வெளியே வந்தன. எல்லாமே ஆண். எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் இதுதான். மனிதர்களில் எக்ஸ், ஒய் என இரண்டு வேறு குரோமோசோம்கள் இருந்தால் ஆண். கொமோடோவில் தலைகீழ்: வேறுவேறாக இசட், டபிள்யூ வைத்திருப்பது பெண், இரண்டு இசட் இருந்தால் ஆண். இப்படிச் சேரும் துருவ உடலில் இருப்பது கருமுட்டையில் உள்ளதன் பிரதி மாதிரி, அதனால் கருமுட்டைக்குப் போன அதே வகைதான் அதற்கும் போயிருக்கும். ஆக, சேரும்போது இரண்டு இசட் அல்லது இரண்டு டபிள்யூ. இரட்டை டபிள்யூ கரு பிழைக்காது. மிஞ்சுவது மகன்கள் மட்டும்.

தனியாக ஒரு தீவில் கரையொதுங்கிய பெண், தானே மகன்களைப் பெற்று, அவர்களோடு சேர்ந்து புது வம்சத்தைத் தொடங்கிவிட முடியும். கேட்க ஒரு மாதிரி இருந்தாலும், உடும்புக்கு உறவுமுறை தெரியாது. பூங்காக்காரர்களுக்குத்தான் தலைவலி. ஒரே பிரதியை இரண்டு முறை அடித்த மாதிரியான மரபணு என்பதால், இந்தக் குட்டிகளிடம் மரபு வேறுபாடு மிகக் குறைவு. அருகிவரும் இனத்துக்கு வேண்டியதோ வேறுபாடுதான். பெண்ணைத் தனியாகவே அடைத்து வைத்தால் அது இந்த வழியில் போகலாம் என்பதால், வளர்க்கும் முறையையே யோசிக்க வேண்டியதாயிற்று. சுங்கை பின்னர் ஆணோடு சேர்ந்தபோது வழக்கமான வழியிலும் குட்டி பொரித்தது.

துணை இருந்தும் தனிவழி போன கதையும் உண்டு. அமெரிக்காவின் சாட்டனூகா பூங்காவில் சார்லி என்ற பெண்ணுக்கு ஓர் ஆணை ஜோடி சேர்க்கப் பார்த்தார்கள். 2019இல் மூன்று குட்டிகள் பொரிந்ததும் பூங்காவில் சந்தோஷம். அப்புறம் டிஎன்ஏ சோதனை முடிவு வந்தது. மூன்றும் ஆண், பக்கத்திலிருந்த அந்த ஆணுக்கு அதில் பங்கே இல்லை.