ஸ்பீக்கர் பெட்டி செய்யும் தம்பிகளுக்கு: அளவும் தூசியும்

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். பேஸுக்கு 12 அங்குல ஊஃபர், மேல் ஸ்தாயிக்கு அதன் மேலே ட்வீட்டர், 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை. எல்லாம் அவரே வீட்டில் செய்தது. வேலை சுத்தம். மூலை மூட்டுகளில் கத்தி முனைகூட நுழையாது. "பேஸ் வருதுண்ணே, ஆனா எந்தப் பாட்டு போட்டாலும் ஒரே மாதிரி டொம் டொம்னு வருது" என்றார். சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை இருமினார். பெட்டி செய்த வாரத்திலிருந்தே இருமல் இருக்கிறதாம். எங்கே வைத்து அறுத்தீர்கள் என்று கேட்டேன். படுக்கையறையில். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகக் கூடாது என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு.

ஸ்பீக்கர் பெட்டி செய்வதுதான் 20 வருடங்களுக்கு மேலாக என் தொழில். வீட்டிலேயே செய்து பார்க்க நினைப்பவர்களை நான் தடுப்பதில்லை. தன் கையால் செய்த பெட்டியில் பாட்டுக் கேட்பது பெரிய சந்தோஷம். ஆனால் அந்தத் தம்பியிடம் பார்த்த இரண்டு தவறுகளையும் வேறு பலரிடமும் பார்க்கிறேன். ரம்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் அந்த 'டொம் டொம்'. பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஊஃபருக்குப் பின்னால் வைத்த ஒரு ஸ்பிரிங் மாதிரி. பெட்டி சின்னதானால் ஸ்பிரிங் விறைப்பாகும். ஒரு ஊஃபருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், அவர் வழியில் சிட்னியில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் இதற்கான கணக்கை எழுதி வைத்துவிட்டார்கள். ஊஃபரின் டேட்டா ஷீட்டில் எஃப்.எஸ். (ஊஃபர் தானாக அதிரும் ஹெர்ட்ஸ்), க்யூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு அடங்காமல் நிற்கும் என்பதன் எண்), வி.ஏ.எஸ். (ஊஃபரின் விறைப்புக்குச் சமமான ஸ்பிரிங்காக நிற்கும் காற்றின் அளவு) என்று இருப்பவை அந்தக் கணக்குக்கான எண்கள்தான்.

தம்பியின் ஊஃபருக்கு எஃப்.எஸ். 25 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.5, வி.ஏ.எஸ். 150 லிட்டர். அவர் செய்திருந்தது 50 லிட்டர் மூடிய பெட்டி. ஏன் 50 என்றால், டி.வி. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த இடத்துக்கு அதுதான் பொருந்தியது. வி.ஏ.எஸ்.ஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்தால் 3. அதோடு 1 சேர்த்தால் 4. அதன் வர்க்கமூலம் 2. மற்ற இரண்டு எண்களையும் இந்த 2-ஆல் பெருக்கினால் 25 ஹெர்ட்ஸ் 50 ஆகிறது, க்யூ 0.5 என்பது 1 ஆகிறது. அந்த க்யூ எண் 0.7 பக்கம் இருந்தால் பேஸ் தட்டையாக இறங்கும். 1 ஆகிவிட்டால் 70 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு எழுந்து, எல்லாப் பாட்டிலும் அதுவே கேட்கும். அதே ஊஃபரை 150 லிட்டர் பெட்டியில் வைத்தால் 35 ஹெர்ட்ஸ், 0.7. ஊஃபரைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. கூட்டல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் தெரிந்தால் போதும், பத்து நிமிட வேலை. அதை அறுப்பதற்கு முன்னால் செய்யாததால் இரண்டு பலகையும் நான்கு வார இறுதிகளும் போயின.

சரி, 150 லிட்டர் என்றால் எவ்வளவு பெரிது? உள்ளளவு 35-க்கு 40-க்கு 107 செ.மீ. ஊஃபரும் உள்ளே கொடுக்கும் குறுக்குச் சட்டங்களும் அடைத்துக்கொள்ளும் இடத்துக்காக இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். எட்டுக்கு நாலு அடி, 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை ஒன்றே 40 கிலோ பக்கம் வரும். ஊஃபர், சட்டம் எல்லாம் சேர்ந்தால் பெட்டி ஒன்றும் அதே 40 கிலோவை நெருங்கிவிடும். இதைத் தனி ஆளாகத் தூக்காதீர்கள்.

இனி நான் உண்மையிலேயே சொல்ல வந்தது. அந்த மூடிய அறை.

என் அப்பாவும் தச்சர்தான். கைரம்பம், இழைப்புளி, உளி. அவர் வேலை செய்த இடத்தில் சுருள் சுருளாகச் சீவலும் கனமான மரத்தூளும் காலடியில் விழுந்து கிடக்கும். அள்ளி அடுப்புக்குக் கொண்டு போவோம். இன்றைக்கு நாம் பிடிக்கும் வட்ட ரம்பமும் பள்ளம் வெட்டும் ரௌட்டரும் உப்புத்தாள் சுழலும் சாண்டரும் அந்த மாதிரித் தூளைப் போடுவதில்லை. கண்ணுக்கே தெரியாத மாவாக அரைத்துவிடுகின்றன. காலடியில் விழும் தூளை மூக்கு தடுத்துக்கொள்ளும். மாவு மணிக்கணக்கில் காற்றில் மிதந்து நுரையீரலின் அடி வரை போகும். வேலை முடிந்து, "தூசி அடங்கிவிட்டது" என்று முகமூடியைக் கழற்றுகிற நேரத்தில்தான் இந்த மாவு அறை முழுக்க நிற்கிறது. ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அறைக்குள் இருக்கிற அதே காற்றைத்தான் சுற்றிவிடும். மறுநாள் காலையில் துடைப்பத்தால் கூட்டினால் முழுவதும் மறுபடி கிளம்பும்.

எம்.டி.எஃப். என்பது மரநாரை யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் குழைத்து அழுத்திய பலகை. அதன் தூளில் மரமும் இருக்கிறது, பசையும் இருக்கிறது. புதுப்பலகையை அறுக்கும்போது கண்ணில் ஏறும் எரிச்சல் அந்தப் பசையின் ஆவி.

இங்கிலாந்தில் ஹை விகம் என்று ஓர் ஊர். நாற்காலி செய்வதற்குப் பேர் போனது. 1960-களில் அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மே ஹாட்ஃபீல்ட், மரச்சாமான் தொழிலாளிகளுக்கு மூக்கின் உள்ளே ஓர் அபூர்வமான புற்றுநோய் அடிக்கடி வருவதைக் கவனித்தார். ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்களோடு சேர்ந்து 1968-இல் அதை எழுதினார். மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வகைப்படுத்தியது. ஃபார்மால்டிஹைடும் 2004-இல் அதே வகைக்குள் வந்தது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஹை விகம் தொழிலாளிகள் வருடக்கணக்கில் அந்தத் தூசியிலேயே வேலை செய்தவர்கள். ஒரு ஜோடி பெட்டி செய்பவருக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனால் மூச்சிரைப்பு வர வருடங்கள் வேண்டாம். அந்தத் தம்பிக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்து, விட்டுப் போயிருந்தது. டாக்டரிடம் அனுப்பினேன். இரண்டு மாதம் இன்ஹேலர் எடுத்த பிறகுதான் இருமல் அடங்கியது. அந்தப் படுக்கையறையில்தான் அவர் அம்மாவும் படுத்திருக்கிறார்.

அதனால், வீட்டில் அறுக்காதீர்கள். அளவுப் பட்டியல் எழுதிக்கொண்டு, தூசி உறிஞ்சும் வசதியோடு பேனல் சா (முழுப் பலகையை அறுக்கும் எந்திரம்) வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள். கூலி பெரிதாக ஆகாது. கையால் வராத நேரான வெட்டும் கிடைக்கும். ஊஃபர் ஓட்டையையும் அங்கேயே போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒட்டுவது, கிளாம்ப் போடுவது, ஒயரிங் எல்லாம் வீட்டில் தாராளமாகச் செய்யலாம். உப்புத்தாள் தேய்ப்பதை மட்டும் மொட்டை மாடிக்குக் கொண்டு போங்கள். என்-95 முகமூடி வேண்டும், கைக்குட்டை பற்றாது. தாடி இருந்தால் முகமூடி முகத்தில் ஒட்டாமல் ஓரத்தில் காற்று நுழையும். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். சட்டையை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். தின்னர் கலந்த பாலிஷும் மாடியில்தான். அதன் ஆவி நிறைந்த அறையில் ஒரு சுவிட்சின் பொறியே தீப்பிடிக்கப் போதும்.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்பது தொழில் பாதுகாப்பில் பரவலாகச் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். ரௌட்டர் அந்தச் சத்தத்தைச் சாதாரணமாகப் போடும். ட்வீட்டரில் ஜால்ராவின் மினுக்கத்தைக் கேட்கத்தானே இவ்வளவு செலவு செய்கிறோம்? அப்படிப்பட்ட சத்தத்தால் முதலில் போவது அந்த மேல் ஸ்தாயிதான், போனால் திரும்பாது. நானே இளவயதில் காதடைப்பான் போடாமல் வேலை செய்தவன். இன்று ட்வீட்டரைச் சோதிக்க என் மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

கனத்த பலகை போட்டால்தான் நல்ல பெட்டி என்று நினைப்பவர்களுக்கு: 1970-களில் பி.பி.சி. வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கருக்கு 12 மி.மீ. பிர்ச் பிளைவுட்தான். உள்பக்கம் தார் கலந்த தட்டுகளை ஒட்டி அதிர்வைத் தணித்தார்கள். பெரிய பெட்டியில் குறுக்குச் சட்டம் அவசியம். ஆனால் பலகையின் நட்டநடுவில் கொடுக்காதீர்கள். சற்றுத் தள்ளிக் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஒரே சுருதியில் அதிராது. ஊஃபரை மாட்ட டி-நட் (பலகையில் பதிக்கும் இரும்பு நட்) போட்டு மரை ஆணியால் முடுக்குங்கள். எம்.டி.எஃப்.-இல் மர ஆணியை நாலு முறை கழற்றி மாட்டினால் பிடிப்பு போய்விடும்.

நம் ஊரில் தினமும் தரை துடைக்கிறோம். எம்.டி.எஃப்.-இன் அறுத்த விளிம்பு அந்தத் தண்ணீரை உறிஞ்சி இட்லி மாதிரி உப்பும். அடி விளிம்புகளை சீலர் அடித்து மூடி, ரப்பர் கால் வைத்து இரண்டு செ.மீ. உயர்த்திவிடுங்கள். ஊஃபர் உயரத்தில் இருக்கும் ஒல்லிப் பெட்டி தலைக்கனமாக நிற்கும். நடக்கப் பழகும் குழந்தை அதைப் பிடித்துத்தான் எழும். பின்பக்கம் மேல் விளிம்பில் ஒரு எல்-பட்டை போட்டுச் சுவரோடு பிணைப்பதற்கு ஐம்பது ரூபாய்கூட ஆகாது.

தம்பி இந்த முறை 150 லிட்டர் கணக்கோடும் ஒரு காகிதத்தில் 22 துண்டுகளின் அளவோடும் வந்தார். பட்டறையில் ஒரு மணி நேரத்தில் அறுத்துக் கொடுத்தோம். மாடியில் ஒட்டி, கூடத்தில் நிறுத்தியிருக்கிறார். சுவர்ப்பட்டையின் படத்தைத்தான் எனக்கு முதலில் அனுப்பினார். அக்கா மகனுக்கு இப்போதுதான் பத்து மாதம்.