பழகிய கடையில் கேட்காமல் விட்ட கேள்வி

லண்டனில் ஒரு மருத்துவமனையின் அலர்ஜி கிளினிக்கில் உணவியல் நிபுணராக இருக்கிறேன். அலர்ஜி உள்ள பிள்ளைகளின் பெற்றோர் புதுக் கடைக்குப் போனால் நூறு கேள்வி கேட்பார்கள். எனக்குப் பயம் பழகிய கடையை நினைத்துத்தான்.

ஒரு பெண் பிள்ளை, வயது 16 (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). முந்திரியும் பிஸ்தாவும் அவளுக்கு ஆகாது. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம், அதனால் ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாது. வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறிதான். தெருமுனையில் எட்டு மேசை போட்ட ஒரு இத்தாலியச் சாப்பாட்டுக் கடை. மாதத்தில் ஒரு வெள்ளி அங்கே போவார்கள், அவள் பெஸ்டோ என்ற பச்சை இலை விழுது போட்ட பாஸ்தா சாப்பிடுவாள். நான்கு வருடமாக ஒரு குறையும் இல்லை. பரிமாறுகிறவர் மெனு அட்டையைக்கூட நீட்டுவதில்லை. "வழக்கமானதுதானே?" என்பார், இவள் தலையாட்டுவாள்.

அன்றும் தலையாட்டினாள். நாலு வாய் சாப்பிடுவதற்குள் உதடு குறுகுறுத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தாள். அம்மா கைப்பையிலிருந்து Piriton என்ற அலர்ஜி மாத்திரை கொடுத்தார். பிள்ளைக்கு வாந்தி வருவதுபோல இருக்க, எழுந்து தனியாகக் கழிவறைக்குப் போனாள். கடும் அலர்ஜிக்குக் குத்த வேண்டிய அட்ரினலின் ஊசிப் பேனா காரில். கார் அடுத்த தெருவில்.

பிழைத்துக்கொண்டாள். ஐந்து வாரம் கழித்து என் முன்னால் உட்கார்ந்து, போனைப் பார்த்தபடி, "இனி நான் வெளியே சாப்பிட மாட்டேன்" என்றாள். அம்மாவிடம், அன்று ஏதாவது கேட்டீர்களா என்று விசாரித்தேன். "நாலு வருசமாப் பழகின மனுசன், பிள்ளை. அவரிட்டப் போய் இண்டைக்கு இதுக்குள்ள என்ன போட்டனீங்கள் எண்டு எப்பிடிக் கேக்கிறது? அவரை நம்பேல்லை எண்ட மாதிரியெல்லோ இருக்கும்."

அந்தக் கூச்சம் எனக்கும் உண்டு, அதனால் அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சமையலறையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

ஜெனோவா ஊர்ப் பெஸ்டோவுக்கு ஏழே பொருள்: துளசி இனத்து பேசில் இலை, பைன் கொட்டை, பூண்டு, பார்மிஜானோ, பெக்கொரினோ என்று இரண்டு சீஸ், ஒலிவ் எண்ணெய், கல் உப்பு. பளிங்கு உரலில் இடித்துச் செய்வது, பெயருக்கே இடித்தது என்றுதான் பொருள். இதில் கையைக் கடிப்பது பைன் கொட்டை. அந்த மரத்தின் காய் முற்றவே மூன்று வருடமாகும், விலையும் அதற்கேற்றபடி. ஆகவே ஆலையில் செய்து டப்பாவில் வரும் பெஸ்டோ பலவற்றில் முந்திரிதான் இருக்கும். நிறமும் மணமும் கிட்டத்தட்ட அதேதான். அந்தக் கடையும் அந்த வாரம் கையால் அரைப்பதை நிறுத்திவிட்டு டப்பாவுக்கு மாறியிருந்தது.

எந்தச் சாப்பாட்டில் எந்த அலர்ஜிப் பொருள் என்று காட்டும் அட்டவணை இல்லையா? இருந்தது. உணவில் உள்ள 14 வகை அலர்ஜிப் பொருட்களைப் பற்றிக் கேட்பவருக்குச் சொல்ல வேண்டும் என்பது இங்கே 2014 டிசம்பரிலிருந்து சட்டம். அட்டவணையை அச்சிட்டுச் சுவரில் தலைக்கு மேல் மாட்டவும் செய்திருந்தார்கள். பெஸ்டோவுக்கு நேரே பாலில் டிக், கொட்டையில் வெறுமை. பழைய பெஸ்டோவுக்கு அது தப்பும் இல்லை! சட்டத்தின் கொட்டைப் பட்டியலில் பாதாம், ஹேசல்நட், வால்நட், முந்திரி, பீக்கான், பிரேசில் நட், பிஸ்தா, மக்கடேமியா ஆகிய எட்டுதான் உண்டு. பைன் கொட்டை அதில் இல்லை. டப்பா மாறியது, சுவரில் இருந்த தாளை யாரும் மாற்றவில்லை.

அதனால்தான் "இதில் நட்ஸ் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள் என்று சொல்லிக்கொடுக்கிறேன். அவசரத்தில் இருப்பவர் தாளைப் பார்த்து "இல்லை" என்றுவிடுவார். "எனக்கு முந்திரி, பிஸ்தா அலர்ஜி. பெஸ்டோ இங்கேயே அரைப்பதா, டப்பாவா? டப்பா என்றால் லேபிளைக் காட்டுங்கள்." இப்படிக் கேட்டால் அவர் சமையலறைக்குள் போய்த்தான் ஆக வேண்டும். எழுத்திலும் தகவல் கொடுங்கள், வாயாலும் பேசுங்கள் என்று 2025 மார்ச்சில் பிரிட்டனின் உணவுத் தர முகமையே உணவகங்களுக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறது. கேட்பது அவமரியாதை இல்லை.

பிஸ்தாவும் எதிர்பாராத இடத்தில் ஒளிந்திருக்கும். மோர்ட்டடெல்லா இறைச்சித் துண்டின் நடுவில் தெரியும் பச்சைப் புள்ளி அதுதான். கன்னோலி என்ற குழல் இனிப்பின் இரு முனையிலும் தூவுவார்கள். ஐஸ்கிரீம் என்றால் எல்லா வகைக்கும் ஒரே கரண்டி போகும். கோதுமையில் உள்ள குளூட்டன் ஆகாதவர்கள் வேறொன்றும் கேட்க வேண்டும்: குளூட்டன் இல்லாத பாஸ்தா தனியாக வாங்கினது சரி, அதை வேகவைத்த தண்ணீர் சாதாரண பாஸ்தா வெந்ததா?

இடையில் ஒன்று. பார்மிஜானோவைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதியால்தான் உறைய வைப்பார்கள், பன்ன கோட்டா என்ற பாலாடை இனிப்பில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து வரும் ஜெலட்டின். அந்த அம்மாவின் வெள்ளிக்கிழமை விரதத்தை நினைத்து, சொல்வதா வேண்டாமா என்று தயங்கிவிட்டுச் சொன்னேன். பெஸ்டோவைவிட அதற்குத்தான் அதிகம் அதிர்ந்தார்.

அப்புறம் பேனா. எப்போதும் இரண்டு, ஆளுடனேயே இருக்க வேண்டும். காரில் வைத்தால் வெயிலில் மருந்து கெடும், தேவைப்படும்போது கைக்கு எட்டவும் எட்டாது. மூச்சுத் திணறல், குரல் மாற்றம், மயக்கம் என்று ஏதாவது வந்தால் தொடையின் வெளிப்பக்கம் ஆடைக்கு மேலேயே குத்துங்கள், அவசர எண் 999க்கு அழைத்து அனஃபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான கடும் அலர்ஜி) என்ற சொல்லையே சொல்லுங்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்காரலாம். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது பேனா. மாத்திரை அரிப்பைக் குறைக்கும், மூச்சைக் காப்பாற்றாது. பலர் செய்வதுபோல எழுந்து கழிவறைக்கு நடப்பது மிகவும் ஆபத்து. எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து இதயமே நின்றுபோகலாம், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் கண்டுபிடிக்கவும் ஆள் இருக்காது.

போன மாதம் அவள் மறுபடி வந்தாள். அதே கடைக்குப் போனார்களாம். பரிமாறுகிறவர் வழக்கமானதா என்று கேட்கவில்லை, டப்பாவையே மேசைக்குக் கொண்டுவந்து வைத்தாராம். லேபிளை வரிவரியாகப் படித்துவிட்டு, தக்காளியும் பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்ட அரபியாட்டா கேட்டிருக்கிறாள். அதற்கும் என்னென்ன போடுவீர்கள் என்று விசாரித்த பிறகுதான்.

"உறைப்பே இல்லை" என்றாள்.