கடல் ஏறினால் கிங்ஸ்மீடில் விக்கெட் விழுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பேச்சு பழக்கம். "கடல் ஏறுற நேரத்தைப் பாத்துக்கோ, அப்போதான் விக்கெட் விழும்." எங்கள் ஊர் மைதானமான கிங்ஸ்மீடில் டெஸ்ட் நடக்கும் நாட்களில் எங்கள் தாத்தா காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் தேடுவது கடலின் ஏற்றவற்ற நேரத்தைத்தான். அணி விவரமெல்லாம் அப்புறம். அந்த நேரத்தைப் பென்சிலால் வட்டம் போட்டு, தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ஏற்றம் பதினொன்றரைக்கு என்றால் பதினொன்றரைக்குப் பேச்சை நிறுத்திவிட்டு, "இப்ப பாரு" என்பார். சில நாள் விக்கெட்டும் விழும்.

இந்தப் பேச்சு எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. டெஸ்ட் நடக்கும்போது வானொலி, டிவி வர்ணனையாளர்கள்கூட ஏற்ற நேரத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இதில் உண்மை எவ்வளவு? தேடிப் பார்த்தபோது மண், தண்ணீர், புல், காற்று என்று ஒரு பெரிய கதையே விரிந்தது.

முதலில் இடம். கிங்ஸ்மீட் இருப்பது டர்பன் நகரத்தின் தாழ்ந்த சமவெளியில். ஒரு பக்கம் பெரியா மேடு, இன்னொரு பக்கம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டரில் இந்தியப் பெருங்கடல். இங்கே முதல் டெஸ்ட் 1923 ஜனவரியில், இங்கிலாந்துக்கு எதிராக நடந்தது. இன்று சுமார் 25,000 பேர் உட்காரலாம். அதில் ஒரு பகுதி புல்மேடு, பாய் விரித்துச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு உட்கார அதுதான் சுகம். பந்து வீசும் முனைகளில் ஒன்றுக்கு உம்கேனி முனை என்று பெயர், மற்றது பழைய கோட்டைச் சாலை முனை. நிறவெறிக் காலத்தில் இந்திய வம்சாவளியினரான நம்மவர்களுக்கென்று ஒரு மூலையை ஒதுக்கியிருந்தார்கள். அந்த மூலையில் உட்கார்ந்து எதிரணிக்குத்தான் கைதட்டினோம் என்று தாத்தா சொல்வார். 1992 நவம்பரில் இந்திய அணியே இங்கே வந்து டெஸ்ட் ஆடியபோது எந்த வரிசையிலும் உட்காரலாம் என்று ஆகியிருந்தது. பிரவீன் ஆம்ரே தன் முதல் டெஸ்டிலேயே 103 அடித்தார். டிவி படத்தைப் பார்த்து ரன் அவுட் கொடுக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர் டெண்டுல்கர், அதுவும் அந்த ஆட்டத்தில்தான்.

சரி, கடலுக்கு வருவோம். டர்பன் கரையில் பெரிய ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் சுமார் 2 மீட்டர் மாறுகிறது. கரையை ஒட்டிய மணலுக்குள் இருக்கும் நிலத்தடி நீரும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். அந்த அசைவு எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதுதான் கேள்வி. மணலின் துளைகள் வழியாகத் தண்ணீர் மெதுவாகத்தான் நகரும். ஒரு அலை உள்ளே புகுந்து துளைகளை நிரப்பி முடிப்பதற்குள் ஆறு மணி நேரம் ஓடி, கடல் திரும்பி வற்றத் தொடங்கிவிடும். அதனால் போகப் போக அசைவு செத்துக்கொண்டே வருகிறது. சாதாரணக் கடற்கரை மணலில் பத்து இருபது மீட்டருக்கு ஒரு முறை அது பாதியாகும் என்று வைத்துக்கொள்ளலாம். 2 மீட்டர் ஏற்றம், பத்து முறை பாதியானால் 2 மில்லிமீட்டர். அதாவது 200 மீட்டர் வருவதற்குள்ளேயே கதை முடிந்துவிடுகிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிட்சுக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஆனால் தாத்தா பேச்சில் ஒரு பாதி சரிதான். கிங்ஸ்மீடில் பந்து அசைவதற்குக் காரணம் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் பிட்சின் களிமண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

பிட்ச் என்பது 20.12 மீட்டர் நீளம், 3.05 மீட்டர் அகலம் கொண்ட களிமண் பாளம். களிமண்ணின் துகள்கள் மணல் போல உருண்டை அல்ல, மிக மெல்லிய தகடுகள். கொஞ்சம் ஈரம் இருக்கும்போது தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அந்த நேரம் பார்த்து ரோலரை ஓட்டினால் இடையில் இருக்கும் காற்று வெளியேறி, தகடுகள் நெருங்கிப் படுத்துக்கொள்ளும். பிறகு ஈரம் காயக் காய மிச்சத் தண்ணீர் தகடுகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். பிட்ச் கல் போல இறுகுவது இப்படித்தான். ஈரம் அதிகமானால் மண் ரோலரில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். குறைந்தால் ரோலர் எத்தனை டன் இருந்தாலும் தகடுகள் அசையாது. பிட்சைப் பராமரிக்கும் கிரவுண்ட்ஸ்மேன் சாவியையோ கட்டைவிரலையோ மண்ணில் அழுத்திப் பார்ப்பது அந்த நடுப்பதத்தைத் தேடித்தான். சப்பாத்திக்கு மாவு பிசைகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வெயில் மட்டும் பிட்சைக் காய வைத்துவிடும் என்று நினைத்தால் தவறு. வெயில் மேல்தோலைத்தான் உலர்த்தும். ஆழத்தில் இருக்கும் ஈரத்தை மேலே உறிஞ்சி இலை வழியாக வெளியே விடுவது புல். அது எந்தப் புல் தெரியுமா? நம்ம அருகம்புல்! ஆப்பிரிக்கான்ஸில் க்வீக் என்பார்கள், தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டிலான். தென்னாப்பிரிக்க பிட்சுகளில் வளர்வது பெரும்பாலும் இந்த இனம்தான். உம்கேனி சாலைக் கோயிலில் பிள்ளையாருக்குச் சாத்தும் அதே புல்லின் உறவு, டெஸ்ட் பிட்சைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்த நாளில் எனக்கு உண்மையாகவே மனம் நிறைந்துபோனது. ஒரு சின்ன அருகம்புல் துண்டைப் பிடுங்கிப் பாருங்கள். கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும். தரைக்கு மேலும் கீழும் கொடியாக ஓடும். மில்லிமீட்டர் கணக்கில் ஒட்ட வெட்டினாலும் சாகாது. மண்ணைத் தைத்து வைப்பதற்கு இதைவிட நல்ல நூல் கிடைப்பது கஷ்டம்.

ஆட்டத்தின் முதல் காலையில் மேல்மண்ணில் இன்னும் ஈரம் இருந்தால், பந்தின் தையல் மண்ணில் லேசாகப் பதிந்து பக்கவாட்டில் திரும்பும். அப்படிப் பதிந்த சின்னச் சின்னக் குழிகள் மதியம் காய்ந்து கெட்டியாகிவிடும். அடுத்த நாள் பந்து அந்தக் குழியின் விளிம்பில் பட்டால் ஒன்று எகிறும், இன்னொன்று தாழும். கடலுக்குப் பக்கத்தில், தாழ்வான இடத்தில், நிலத்தடி நீர் மேலாக இருக்கிற ஊரில் ஈரம் சீக்கிரம் வடியாது. கோடைக்காலத்தில் டர்பன் காற்றே பாதி தண்ணீர். ஆகவே இங்கே பதம் பிடிப்பது மற்ற ஊர்களைவிடக் கடினம்.

ஈரமும் ரோலரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே அறிந்த சாட்சி 1939 மார்ச்சில் இங்கே நடந்த 'காலவரையற்ற டெஸ்ட்'. முடிவு தெரியும் வரை ஆடுவது என்று பேச்சு. இங்கிலாந்துக்கு வைத்த இலக்கு 696. பல நாள் ஆடித் தேய்ந்த பிட்சில் இந்த இலக்கைப் பற்றி யாரும் யோசித்தே பார்க்க மாட்டார்கள். ஆனால் நடுநடுவே மழை பெய்தது. பெய்து ஓய்ந்த பிறகு ரோலர் ஓடியது. நனைந்த தகடுகள் திரும்ப வழுக்கி, விரிசல்கள் மூடி, பிட்ச் புதிதாகப் பிறந்தது. அந்தக் காலத்தில் மூடி வைக்கும் வழக்கம் இல்லை, மழை நேராக மண்ணில் விழும். எட்ரிச் 219, ஹாமண்ட் 140, கிப் 120. 5 விக்கெட்டுக்கு 654 வந்தபோது பத்தாம் நாள், வெற்றிக்கு இன்னும் 42 தான். மீண்டும் மழை. கேப் டவுனில் கப்பல் காத்திருந்ததால் இங்கிலாந்து அணி ரயில் ஏறிவிட்டது. ஆட்டம் டிரா.

அதே மழை வேறு விதமாகவும் வேலை செய்யும். 1950 ஜனவரியில் நனைந்த பிட்சை வெயில் தொட்டது. மேலே ஒரு மெல்லிய ஓடு காய, அடியில் சேறு. பந்து ஓட்டைக் குத்தி நின்று எழும்பும், தாறுமாறாகத் திரும்பும். தென்னாப்பிரிக்கச் சுழல்காரர் டேஃபீல்ட் 23 ரன்னுக்கு 7 விக்கெட் எடுக்க, ஆஸ்திரேலியா 75க்குச் சுருண்டது. பிறகு பிட்ச் முழுதாகக் காய்ந்ததும் அதே ஆஸ்திரேலியா 336ஐத் துரத்தி வென்றது. நீல் ஹார்வி 151, கடைசி வரை ஆட்டமிழக்கவில்லை.

இப்போது பிட்சை மூடி வைக்கிறார்கள். அதனால் ஈரம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மூடிக்குக் கீழே ஆவியாக முடியாமல் அடைபட்டுக் கிடக்கும். 2024 நவம்பரில் முதல் நாள் பெரும்பகுதி மழையில் போனது. மறுநாள் தென்னாப்பிரிக்க வேகப்பந்துக்காரர் மார்கோ யான்சன் 13 ரன்னுக்கு 7 விக்கெட், இலங்கை 42. டெஸ்டில் அவர்களது மிகக் குறைந்த எண்ணிக்கை. இதற்கு இரண்டரை வருடம் முன்பு, 2022 ஏப்ரலில், இதே மைதானத்தில் வங்கதேசம் 53க்கு அவுட். அந்த 19 ஓவரையும் வீசியது சுழல்காரர்களான கேஷவ் மகாராஜும் ஹார்மரும்தான். வேகப்பந்து ஒன்றுகூட இல்லை. ஐந்தாம் நாளுக்குள் மேல்மண் காய்ந்து உடைந்து, சுழலுக்குப் பிடி கொடுத்துவிட்டது. கேஷவ் மகாராஜும் சேனுரன் முத்துசாமியும் பிறந்தது இந்த டர்பனில்தான். பச்சை பிட்ச் ஊர் என்று பெயர் வாங்கிய இடம் இரண்டு இடதுகைச் சுழல்காரர்களைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொடுத்திருக்கிறது.

பிட்ச் மட்டும் போதாது, சுற்றியுள்ள தரையும் வடிய வேண்டும். 2016 ஆகஸ்டில் நியூசிலாந்து டெஸ்டுக்குச் சற்று முன்புதான் அவுட்ஃபீல்டைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் மழை வந்தது. அதன் பிறகு மூன்று நாள் ஒரு பந்துகூட வீச முடியவில்லை, தரை காயவே இல்லை. வேர் ஆழமாக இறங்காத புல் தண்ணீரை உறிஞ்சாது. மேலே போட்ட மண்ணும் இன்னும் வடிகால் பழகியிருக்காது.

மிச்சம் இருப்பது காற்று. பந்தின் தையலைச் சற்றே சாய்த்து வீசினால், தையல் பக்கம் ஓடும் காற்று கலங்கி, பந்தின் மேல் இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டு போகும். வழவழப்பான பக்கத்தில் சீக்கிரமே பிரிந்துவிடும். இந்த ஏற்றத்தாழ்வுதான் பந்தைத் தையல் சாய்ந்த பக்கம் தள்ளுகிறது. தள்ளும் விசை காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்று இங்கிருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு லேசு. ஆகவே அதே பந்து, அதே கை, டர்பனில் கூடுதலாக வளையும், அதாவது ஸ்விங் ஆகும். 'காற்றில் ஈரம் இருந்தால் ஸ்விங் ஆகும்' என்பது வேறு விஷயம். நீராவி, காற்றைவிட லேசான பொருள்; ஈரக் காற்றின் அடர்த்தி உண்மையில் கொஞ்சம் குறையும். ஆய்வகத்தில் அளந்து பார்த்தவர்களும் ஈரப்பதத்தால் மட்டும் ஸ்விங் கூடியதாகக் காணவில்லை.

இன்னொன்று, வெளிச்சம். கேப் டவுனுக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றுதான், ஆனால் நாம் 12 பாகைக்கு மேல் கிழக்கே இருக்கிறோம். டிசம்பரில் அங்கே சூரியன் மறைவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே இங்கே மறைந்துவிடும். மேகமும் சேர்ந்தால் மாலையில் நடுவர் கையில் ஒளிமானி வந்துவிடும்.

தாத்தாவின் நம்பிக்கையைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கடல் ஏற்றம் சந்திரன் கணக்கில் வருவதால் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் பத்தரைக்கு என்றால் ஐந்தாம் நாள் மதியம் இரண்டு மணிக்குச் சற்று முன்பு. பனி ஈரமும் களிமண் காய்வதும் சூரியன் கணக்கு. தினமும் அதே நேரம். தாத்தாவின் பழைய ஸ்கோர் நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. ஓரத்தில் ஒவ்வொரு நாளும் ஏற்ற நேரத்தை எழுதியிருக்கிறார். ஒரு டெஸ்டின் பக்கங்களை வரிசையாக வைத்தால் அந்த எண்கள் காலையிலிருந்து மதியத்துக்குச் சரிந்துகொண்டே போகின்றன. விக்கெட் விழுந்த நேரங்கள் அவற்றோடு கூடவே சரிகின்றனவா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.