செயல்வழி வரையறை: சொல் விளக்கம்

புள்ளியியலிலும் சமூக ஆய்விலும் ‘ஆப்பரேஷனல் டெஃபினிஷன்’ என்று வழங்கும் தொடர், ஒன்றை அதன் இயல்பைக் கூறி வரையறுக்காமல், அதை அளக்கும் முறையைக் கூறி வரையறுப்பதைக் குறிக்கும். பார்வைக் குறைபாடு என்பதற்கு அகராதி தரும் பொருள் ஒன்று. நல்ல பகல் வெளிச்சத்தில், வழக்கமாக அணியும் கண்ணாடியோடு, 3 மீட்டர் தொலைவில் காட்டும் விரல்களைச் சரியாக எண்ண முடியாதவர் என்று தேசிய மாதிரி ஆய்வு கொள்ளும் பொருள் மற்றொன்று. இரண்டாவதே இங்கு பேசப்படுவது.

தொடர் இயற்பியலில் பிறந்தது. மிகை அழுத்த ஆய்வுக்காக 1946இல் நோபல் பரிசு பெற்ற ஹார்வர்டு அறிஞர் பெர்சி பிரிட்ஜ்மன், நீளம் என்பது நீளத்தை அளக்கச் செய்யும் செயல்களின் தொகுப்பே என்று 1927இல் வாதிட்டார். அக்கருத்து 1930களில் உளவியலுக்கும் பின்னர் ஏனைய சமூக அறிவியல்களுக்கும் பரவியது. ‘டெஃபினிஷன்’ என்பதன் இலத்தீன் வேர் எல்லையைக் குறிப்பது. தமிழின் ‘வரையறை’யும் எல்லை வகுத்தலையே குறிக்கிறது. ‘ஆப்பரேஷனல்’ என்பதற்குச் ‘செயல்முறை’, ‘செயற்பாட்டு’, ‘நடைமுறை’ ஆகிய மூன்றும் வழக்கில் உள்ளன. ‘செயல்முறை வரையறை’ ஏதோ ஒரு செய்முறையை விளக்குவது போலவும், ‘நடைமுறை வரையறை’ தற்போதைக்குச் சமாளிக்க வைத்துக்கொண்டது போலவும் தொனிப்பதால், பள்ளிகளில் பழகிப்போன ‘செயல்வழிக் கற்றல்’ போல, ‘செயல்வழி வரையறை’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து.

இந்தத் தொடரின் பயனைக் காட்ட இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை விடப் பொருத்தமான சான்று அரிது. 2001இல் 2.19 கோடிப் பேர் மாற்றுத்திறனாளிகளாகப் பதிவாயினர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர், அதாவது 1.06 கோடிப் பேர், பார்வைக் குறைபாடு உடையவர்கள். 2011இல் மொத்தம் 2.68 கோடியாக உயர்ந்தபோது பார்வைக் குறைபாடு உடையோர் 50 லட்சமாகக் குறைந்து, 2001இல் 13 லட்சத்தை எட்டாதிருந்த செவிக் குறைபாடு உடையோர் அதே 50 லட்சத்துக்கு ஏறினர். இம்மாற்றத்தில் பெரும்பங்கு கணக்கெடுப்பாளர் கையேட்டினுடையது. ஒரு கண்ணில் மட்டும் பார்வையுள்ளவரை 2001ஆம் ஆண்டுக் கையேடு கணக்கில் சேர்த்தது, 2011ஆம் ஆண்டுக் கையேடு விலக்கியது. செவித்துணைக் கருவியால் கேட்பவரை முன்னது விலக்கியது, பின்னது சேர்த்தது. தமிழ்நாட்டில் இது இன்னும் பளிச்சென்று தெரிகிறது: பார்வைக் குறைபாடு உடையோர் சுமார் 9.6 லட்சத்திலிருந்து 1.3 லட்சத்துக்கும், மாநிலத்தின் மொத்தம் 16.4 லட்சத்திலிருந்து 11.8 லட்சத்துக்கும் இறங்கின. எவ்வளவு கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்திருந்தாலும், பத்தாண்டில் 8 லட்சம் பேருக்குப் பார்வை திரும்பிவிட்டது என்று எந்தக் கண் மருத்துவரும் சொல்லமாட்டார்.

வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் இதன்மேல் கட்டப்படுவதால், ஒன்றல்ல, இரண்டு செயல்வழி வரையறைகள் அதில் சேர்ந்து இயங்குகின்றன. மாற்றுத்திறனாளிகளில் வேலை செய்வோர் 36 விழுக்காடு என்று 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கூறுகிறது. 2018ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வோ, 15 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் உழைப்புப் படையில் இருப்போர் 23.8 விழுக்காடுதான் என்கிறது. முன்னதில் குழந்தைகளும் அடக்கம். பின்னதில் வேலை தேடுவோரும் அடக்கம். ஆகவே பின்னதே உயர்ந்திருக்க வேண்டும், ஆனால் தலைகீழாக இருக்கிறது. யார் மாற்றுத்திறனாளி, எது வேலை என்ற இரண்டு கேள்விகளுக்கும் இரு ஆய்வுகளும் வெவ்வேறு அளவுகோல் வைத்திருக்கும் நிலையில், இவ்விரு எண்களையும் அடுத்தடுத்து எழுதி ஏழாண்டில் வேலை வீழ்ந்தது என்று தலைப்பிடுவது பிழை. (வேலை என்னும் சொல்லுக்கு இது புதிதல்ல. ‘முதன்மைச் செயல்பாடு எது’ என்று 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கேட்டதால் வயலிலும் உழைத்த இல்லத்தரசிகள் தொழிலாளர் பட்டியலிலிருந்து நீங்க, 1961இல் சுமார் 5.9 கோடியாக இருந்த பெண் தொழிலாளர் எண்ணிக்கை 3.1 கோடியாகச் சுருங்கியது.)

அமெரிக்காவில் சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. அங்கு மாதந்தோறும் வீடுகளில் நடத்தப்படும் வேலைவாய்ப்பு ஆய்வோடு 1981 முதல் ஆண்டுதோறும் மார்ச் மாதத் துணை ஆய்வில் கேட்கப்பட்ட கேள்வி, உடல்நலக் குறைவோ ஊனமோ ஒருவரை வேலை செய்யவிடாமல் தடுக்கிறதா, அல்லது செய்யக்கூடிய வேலையின் வகையையோ அளவையோ குறைக்கிறதா என்பது. சக்கர நாற்காலியில் அலுவலகம் சென்று முழுநேரக் கணக்காளராகப் பணிபுரிபவர் இதற்கு ‘இல்லை’ என்று மனமறிந்து சொல்லலாம். சொன்னதும் மாற்றுத்திறனாளிகள் பட்டியலிலிருந்து அவர் விடுபடுவார். வேலையில் நன்றாக அமர்ந்தவர்களைக் கேள்வியே கழித்துவிட, எஞ்சியவர்களின் வேலைவாய்ப்பு விகிதம் தாழ்ந்திருப்பதில் வியப்பில்லை. ஜூன் 2008 முதல் அந்த மாதாந்திர ஆய்விலேயே இடம்பெற்ற ஆறு கேள்விகள் வேலையைக் குறிப்பிடாமல் கேட்டல், பார்த்தல், நினைவில் வைத்தல், நடத்தல் அல்லது படியேறுதல், உடுத்தல் அல்லது குளித்தல், தனியே வெளியே சென்றுவருதல் ஆகியவற்றில் சிரமம் உண்டா என்று வினவுகின்றன. நம் கணக்காளர் இப்போது ‘ஆம்’ என்பார்.

ஆண்டாண்டாகத் தொகுக்கப்படும் எண்களின் வரிசையில் செயல்வழி வரையறை மாறும் இடத்தைப் புள்ளியியலார் ‘தொடர் முறிவு’ என்பர். வரைபடத்தில் அவ்விடத்தில் கோட்டை இணைக்காமல் இடைவெளி விடுவது முறை.